விளக்கற்ற ஊர்கள்: கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் குடியிருப்பு மாற்றங்களை வரைபடமாக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

மக்கள்தொகையும் குடியிருப்பும் காலந்தோறும் மாறுவதை வரைபடத்தில் காட்டும் முறைகள் வடதுருவ நாடுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. மக்கள் அடர்த்தி குன்றிய, எட்டாத் தொலைவிலுள்ள நிலங்களுக்கென உருவான அம்முறைகள், கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைச் சிற்றூர்களுக்கும் தொழில்நகரங்களுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்ப்பெயர், நடுகல், வருவாய்ப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செயற்கைக்கோள் படம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, பாராமகால், பட்டி, தொட்டி, அள்ளி, குக்கிராமம், வருவாய்க் கிராமம், இரவொளிப் படம்.

முன்னுரை

வடதுருவப் பகுதியில் வாழ்வோர் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்கள் பரவியிருக்கும் நிலப்பரப்போ கண்டங்களின் அளவினது. மாவட்ட எல்லைக்குள் மக்கள் அடர்த்திக்கு ஏற்ப வண்ணம் தீட்டும் வழக்கமான வரைபடம் அங்குப் பயன்படுவதில்லை. ஒரே நகரில் குவிந்துள்ள மக்களின் எண்ணிக்கையை ஆளற்ற பனிவெளி முழுவதற்கும் பகிர்ந்து காட்டிவிடும் குறை அதற்கு உண்டு. எனவே ஸ்டாக்ஹோமில் இயங்கும் நோர்ட்ரெஜியோ போன்ற ஆய்வு நிறுவனங்கள் ஒவ்வொரு குடியிருப்பையும் தனித்தனி வட்டமாக வரைகின்றன. வட்டத்தின் அளவு மக்கள்தொகையையும் அதன் நிறம் வளர்ச்சியையோ தேய்வையோ குறிக்கும். 1989இல் 4.68 லட்சம் மக்களைக் கொண்டிருந்த உருசியாவின் மூர்மன்ஸ்க் நகரம் 2010இல் 3.07 லட்சமாகச் சுருங்கியதை இத்தகைய வரைபடத்தில் ஒரே பார்வையில் காணலாம். கிரீன்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான குல்லிசாத் 1972இல் மூடப்பட்டு மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டதால், அதற்குப் பிந்தைய வரைபடங்களில் அவ்வட்டமே இல்லை.

வட்டம் மறைந்த பின்னும் ஊரின் பெயர் மக்கள் நினைவில் தங்கிவிடுகிறது. வரைபடக்காரருக்கு அது சிக்கல்; மொழியாய்வாளருக்கு அதுவே தரவு. கிருஷ்ணகிரி மாவட்டத்தை இந்தப் பின்புலத்தில் நோக்கும்போது சில உண்மைகள் புலப்படுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,79,809. அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 370 என்னும் அளவினது. துருவப் பகுதியோடு ஒப்பிட இந்த எண் இடமே தராது. ஆயினும் இது ஒரு சராசரி மட்டுமே. ஓசூரின் நெருக்கமும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டங்களின் மேலகிரி மலைக்காடுகளின் வெறுமையும் இதற்குள் ஒருசேர அடங்கியுள்ளன. பெட்டமுகிலாளம் ஊராட்சியின் மலைச் சிற்றூர்களை மாவட்டச் சராசரியின் வண்ணத்தில் தீட்டுவது, பனிவெளியில் மூர்மன்ஸ்கைப் பரப்பிக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

ஊர் என்னும் அலகு

குடியிருப்பு வரைபடம் எதுவாயினும் முதலில் எழும் வினா, ஊர் என்பது எது என்பதே. இந்தியக் கணக்கெடுப்பு நாட்டுப்புறத்தில் வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொள்கிறது. வருவாய்க் கிராமம் என்பது நில அளவையால் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு. மக்கள் வாழும் இடம் என்பது அதன் வரையறையில் இல்லை. ஒரு வருவாய்க் கிராமத்தினுள் பத்துக் குக்கிராமங்களும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பத்து இருப்பின் அவற்றின் மக்கள் அனைவரும் ஒரே பெயரின்கீழ் ஒரே எண்ணாகச் சேர்க்கப்படுவர். குக்கிராமத்தின் பெயர் வெளியிடப்படும் அட்டவணையில் இடம்பெறாது.

குக்கிராமமே இல்லாத கிராமத்துக்கு வருவாய்த்துறையில் ஒரு பழஞ்சொல் வழங்கிவந்தது. அது பேச்சிராக் என்பது. பாரசீக மொழியில் 'பே' என்பது இன்மையையும் 'சிராக்' என்பது விளக்கையும் குறிக்கும். விளக்கேற்ற ஆளில்லாத ஊர் என்பது இதன் பொருள். தக்காணத்து வருவாய் ஆட்சியின் வழியே தென்னாட்டுப் பதிவேடுகளில் இச்சொல் புகுந்தது. தமிழ்க் கல்வெட்டு வழக்கில் 'பாழ்' என்னும் சொல் இதனோடு ஓரளவு ஒத்த பொருளைத் தருகிறது. 'நத்தம்' குடியிருப்பு மனையைச் சுட்டுகிறது. நத்தம் என்னும் சொல் இன்றும் 'நத்தம் புறம்போக்கு' என வருவாய் ஆவணங்களில் உயிரோடிருக்கிறது. குடியிருப்பு வரலாற்றை எழுத முனைவோர்க்கு நத்தமும் பாழும் பேச்சிராக்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முதலாவது விளக்கெரிந்த இடத்தைச் சொல்கிறது. மற்றவை விளக்கணைந்த இடத்தைச் சொல்கின்றன.

பட்டியும் தொட்டியும் அள்ளியும்

எண்கள் இல்லாத காலத்துக்கு ஊர்ப்பெயர்களே துணை. இம்மாவட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் கலந்து வழங்கும் எல்லைநிலம். ஆகவே ஊர்ப்பெயரின் பின்னொட்டு, இன்னார் எப்போது வந்து குடியமர்ந்தனர் என்பதற்கான குறிப்பைத் தாங்கி நிற்கிறது. அக்குறிப்பை அளவுக்கு மீறி நம்பினால் பிழை நேரும் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும்.

போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்த நாகரசம்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். இப்பெயரை நாகரசன் + பட்டி எனப் பிரிக்க இயலும். னகர மெய் பகரத்தின் முன் மகரமாதல் இயல்பான ஒலிமாற்றமே. பட்டி என்பது ஆநிரை அல்லது ஆட்டுமந்தை அடைக்கும் இடம். அதிலிருந்து அதனைச் சூழ்ந்த சிற்றூரையும் குறிக்கலாயிற்று. மேற்கே மலைப்பகுதிக்குச் சென்றால் பட்டி குறைந்து 'தொட்டி' மிகுகிறது. கன்னடத்தில் 'தொட்டி' எனத் தகரமும் டகரமும் மெலிந்தொலிக்கும் சொல்லும் மாட்டுக் கொட்டிலையே குறிக்கும். 'பட்டிதொட்டி எங்கும்' என்னும் தமிழ் மரபுத்தொடரை இன்று பலரும் எதுகைக்காக இணைந்த இரட்டைச்சொல் என்றே கருதுகின்றனர். இம்மாவட்டத்தின் வரைபடத்தில் அத்தொடரின் இரு பாதிகளும் இருவேறு நிலப்பகுதிகளில் ஊர்ப்பெயராகவே நிற்கின்றன. சமவெளியில் பட்டி, காட்டு விளிம்பில் தொட்டி. இரண்டுக்கும் அடிப்படை கால்நடையே.

இதற்கு நடுகற்களும் துணைநிற்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த வட்டெழுத்து நடுகற்களில் பெரும்பாலானவை கி.பி. 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலானவை. தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்தல் அல்லது மீட்டல் பற்றிய செய்தியே அவற்றில் மிகுதி. ஆநிரைப் பூசல் நடந்த இடம் மேய்ச்சல் நிலமும் குடியிருப்பும் சந்திக்கும் விளிம்பாக இருக்கும். எனவே நடுகல்லின் இடத்தைப் புள்ளியாக வரைந்தால், அக்காலக் குடியிருப்பின் எல்லைக்கோடு ஓரளவுக்குத் தென்படும். நடுகற்கள் இடம்பெயர்க்கப்படுவதுண்டு, கோயில் வளாகத்துக்கோ சாலையோரத்துக்கோ கொண்டுவரப்பட்ட கல்லை அதன் இன்றைய இடத்தில் புள்ளியிட்டால் வரைபடம் பொய் சொல்லும். கண்டெடுத்த இடமும் இன்றிருக்கும் இடமும் தனித்தனியே பதிவாக வேண்டும் என்பதை வலியுறுத்தும் காரணம் இதுவே.

அள்ளி என்னும் பின்னொட்டு இன்னும் நுட்பமானது. பழங்கன்னடத்துச் சொல்முதல் பகரம் இடைக்காலத்தில் ஹகரமாக மாறியது, பள்ளி ஹள்ளியாயிற்று. தமிழ் ஒலிப்பில் அது அள்ளியாகக் குறுகியது. தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே அள்ளி என முடியும் ஊர்ப்பெயர், அவ்வொலிமாற்றம் நிகழ்ந்த பின்னரே இன்றைய வடிவைப் பெற்றிருக்க முடியும். ஆனால் பள்ளி என முடியும் பெயர்கள் அனைத்தும் அதற்கு முற்பட்டவை என்று முடிவுகட்டலாகாது. தெலுங்கில் பகரம் மாறவில்லை. தமிழில் பள்ளி என்பது சமணப் பள்ளியையும் குறிக்கும். போச்சம்பள்ளியின் பள்ளி எம்மொழியினது என்பதைப் பின்னொட்டை மட்டும் கொண்டு கூறிவிட இயலாது.

ஓசூரின் பெயரும் இவ்வகையினதே. கன்னட 'ஹொஸ' (புதிய) என்பதன் பழவடிவம் 'பொஸ'. தமிழ்ப் 'புது' இதன் இனச்சொல். எனவே ஓசூர் என்பது பொருளளவில் புதூர். சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரைச் செவிடபாடி என்றும், இது முரசு நாட்டில் அடங்கியது என்றும் குறிக்கின்றன. பழம்பெயர் வழக்கிழந்து 'புது ஊர்' என்னும் பெயர் நிலைத்ததற்குப் பின்னால் ஒரு குடியேற்ற நிகழ்வோ ஆட்சிமாற்றமோ இருந்திருக்கக்கூடும். உயிருள்ள மொழியில் பொஸ ஹொஸவாக மாறும்போது ஊர்ப்பெயரும் உடன்மாறும் என்பதால், ஹகரத்தை மட்டும் வைத்து ஊரின் காலத்தைக் கணிப்பது பொருந்தாது. பெயர் மாறியது என்பது உறுதி. ஊர் மாறியது என்பது வேறு சான்றுகளால் நிறுவப்பட வேண்டியது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. போசள அரசன் இராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்ட குந்தாணி இம்மாவட்டத்தில்தான் உள்ளது. தலைநகர் சிற்றூராய்ச் சுருங்கியும் பெயர் அழியவில்லை. ஓசூரில் ஊர் வளர்ந்து பெயர் மாற, குந்தாணியில் பெயர் நிலைத்து ஊர் தேய்ந்தது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டதையும், மல்லச்சந்திரத்துக் கற்றிட்டைகளையும் சேர்த்து நோக்கினால், இந்நிலத்தின் குடியிருப்பு வரலாற்றுக்கு நேரான வளர்ச்சிக்கோடு எதையும் வரைய முடியாது என்பது விளங்கும்.

கனடாவின் வடபகுதியில் ஆங்கிலப் பெயர்கள் நீங்கி இனுயிட் பெயர்கள் மீண்டும் வரைபடம் ஏறியுள்ளன. பிரோபிஷர் பே 1987இல் இகாலுயிட் ஆயிற்று. ரிபல்ஸ் பே 2015இல் நௌயாட் ஆயிற்று. முன்னது மீன்கள் மிகுந்த இடம், பின்னது கடற்பறவைகள் கூடுகட்டும் இடம். பட்டியும் தொட்டியும் கால்நடையைச் சொல்வதுபோல் இவை வேட்டையைச் சொல்கின்றன. பிழைப்புக்கு ஆதாரமானதே ஊர்ப்பெயராகும் என்னும் பொதுமை இங்குக் கருதத்தக்கது.

பாராமகாலிலிருந்து பஞ்சம் வரை

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவும் அங்கு நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னரே கும்பினிக்கு வந்தது. இவ்வேழாண்டு இடைவெளி சிறிதெனினும், பாராமகால் பதிவுகளின் தொடக்கக் கட்டத்தில் ஓசூரைத் தேடுவோர் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். பதிவுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருள்வாரியாகப் பிரித்து அச்சிடப்பட்டன. குடிமக்களைப் பற்றிய பகுதியும் அவற்றுள் அடங்கும். தீர்வைக்காக எழுதப்பட்டவை ஆதலின், தீர்வை செலுத்தாத காட்டுக் குடிகள் இவற்றில் மங்கலாகவே தெரிகின்றனர்.

முறையான எண்கள் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கின்றன. அப்போதைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19.67 லட்சம். 1881இல் அது 15.99 லட்சமாகக் குறைந்தது. இடையில் வந்தது 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம். பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கணக்கிலிருந்து மறைந்தனர். ஐவரில் ஒருவர் என்னும் அளவுக்கு இது நெருங்கும். இறந்தோரும் ஊர்விட்டுச் சென்றோரும் இவ்வெண்ணில் பிரிக்கப்படவில்லை. மாவட்ட மக்கள்தொகை 1871ஆம் ஆண்டு அளவை மீண்டும் எட்டுவதற்கு ஏறத்தாழ 1891 வரை ஆயிற்று. ஒவ்வொரு சிற்றூரும் தன் பழைய அளவுக்குத் திரும்பியதாக இதனைப் பொருள்கொள்ளக் கூடாது. மாவட்டக் கூட்டுத்தொகை நிரம்பியபோதும் விளக்கணைந்த சில ஊர்கள் அணைந்தபடியே இருந்திருக்கலாம். அதைக் கண்டறிய ஊர்வாரிப் பதிவேடும் ஊர்ப்பெயரும் தேவை. மாவட்ட எண் உதவாது.

எல்லை மாறும்போது

அன்றைய சேலம் மாவட்டத்தை இன்றைய கிருஷ்ணகிரியோடு நேரே ஒப்பிட முடியாது. திருப்பத்தூர் வட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டுக்குச் சென்றது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஒப்பிட விரும்புவோர் எல்லாக் காலங்களுக்கும் பொதுவான ஒரு எல்லையைத் தெரிந்து, ஊர்வாரி எண்களை அதற்குள் மீண்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓசூர் இதற்குத் தெளிவான சான்று. 2011இல் அதன் நகராட்சி மக்கள்தொகை 1,16,821 எனப் பதிவாயிற்று. இது பழைய நகராட்சி எல்லைக்கான எண். சூசூவாடி, மூக்கண்டப்பள்ளி முதலிய சுற்றுப்புற ஊராட்சிகள் பின்னர் நகரோடு இணைந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியது முதல் வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள் எனத் தொழிற்சாலைகள் பெருகின. குடியேற்றத்தின் பெரும்பகுதி பழைய எல்லைக்கு வெளியே இவ்வூராட்சிகளில்தான் நிகழ்ந்தது. எல்லையைச் சரிசெய்யாமல் அடுத்த கணக்கெடுப்பின் எண்ணை 1,16,821க்கு எதிரே நிறுத்தினால், முன்பே அங்கு வாழ்ந்தோரெல்லாம் புதிதாக வந்தோராகத் தோற்றமளிப்பர்.

நகரம், கிராமம் என்னும் பகுப்பும் இவ்வாறே வழுக்கும். நாகரசம்பட்டி ஒரு பேரூராட்சி. பேரூராட்சி எதுவாயினும் சட்டப்படி நகரமாகவே கணக்கில் சேரும். அதன் மக்கள் உழவராயிருப்பினும் இதில் மாற்றமில்லை. 2004இல் தமிழக அரசு பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புநிலைக் கிராம ஊராட்சிகளாக மாற்றி, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கியது. அந்த ஈராண்டில் எந்த ஊரிலும் வீடோ வயலோ இடம்மாறவில்லை.

இரவொளிப் படங்கள்

துருவப் பகுதி ஆய்வில் இன்று மிகுதியாகப் பயன்படுவது செயற்கைக்கோள்கள் எடுக்கும் இரவொளிப் படம். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் கருவி மிக மங்கிய ஒளியையும் பதிவுசெய்கிறது. விளக்கெரியும் இடம் ஊர் என்பது இம்முறையின் கருதுகோள். பேச்சிராக் என எழுதிய வருவாய்க் கணக்கரின் கருதுகோளும் அதுவே. இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் இரு கருவிகளும் ஒரே அடையாளத்தை நாடியிருப்பது வியப்புக்குரியது.

ஆனால் வானிலிருந்து காணும் ஒளி எரிபவரைச் சொல்வதில்லை. சைபீரியாவின் யமால் பகுதியில் எரிவாயுக் கிணறுகளின் தீ, ஆளில்லாத இடத்தைப் பெருநகர்போல் காட்டுகிறது. அங்குப் பணிபுரிவோரும் முறைவைத்து வந்து திரும்புவோரே. அவர்களின் வீடு வேறிடத்தில். ஓசூரிலும் தேசிய நெடுஞ்சாலையும் தொழிற்சாலை வளாகங்களும் இரவு முழுவதும் ஒளிர்கின்றன. அவற்றின் ஒளியளவுக்கு அங்கு வீடுகள் இல்லை. தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்போரின் சொந்த ஊர், அவர்களின்றியே விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. மறுபுறம், ஒன்றிரண்டு சூரிய விளக்குகளோடு மரநிழலில் அடங்கிய மலைச் சிற்றூர் வான்படத்தில் தென்படாமலே போகலாம். தொழிற்பேட்டை ஊராகவும் ஊர் காடாகவும் பதிவாகும் இப்பிழை, அருகருகே உள்ள இரு வட்டங்களுக்குள்ளேயே நிகழ்கிறது.

சான்றாகும் ஊர்ப்பெயர்

இப்பிழை ஏட்டோடு நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராமம் என்பதற்குத் தரும் வரையறை வருவாய்த்துறையினதைவிட விரிந்தது. வனக் கிராமம், பழங்குடியிருப்பு, அளவை செய்யப்படாத ஊர் ஆகியவையும், அறிவிக்கை செய்யப்படாதவையாக இருப்பினும், அதனுள் அடங்கும். அவற்றை வருவாய்க் கிராமங்களாக மாற்றும் உரிமையையும் அச்சட்டம் ஏற்கிறது. பெட்டமுகிலாளத்து மலையில் கொடகரை முதலிய இடங்களில் வாழும் இருளர் போன்ற பழங்குடியினர்க்கு, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வருவதை நிறுவுவது இன்றியமையாதது. ஊர் வரைபடத்தில் இல்லையெனில் அதை நிறுவும் சுமை அவர்கள்மீதே விழுகிறது.

இச்சட்டத்தின் விதிகள் ஏற்கும் சான்றுகளின் பட்டியல் தமிழாய்வாளர் கவனத்துக்குரியது. அரசிதழ்கள், கணக்கெடுப்பு, நில அளவை ஆவணம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றோடு, தொன்மையை உணர்த்தும் கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்றனவும், குடிவழி மரபும், முதியோரின் வாய்மொழி எழுத்தில் பதியப்பட்டதும் சான்றாகக் கொள்ளப்படும். 1883இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும் 1918இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடியும் இம்முதல் வகையைச் சார்ந்தவை. வழிபாட்டிடப் பெயர், கைவிடப்பட்ட பட்டியின் பெயர், ஓடை, பாறை, மேய்ச்சல்வெளிப் பெயர்கள் ஆகியவை இரண்டாம் வகைக்கு உரியன. அவற்றைத் தொகுத்த ஏடு பெரும்பாலும் இல்லை.

ஊர்ப்பெயராய்வுக்கென மேற்கொள்ளப்படும் களப்பணி இதற்கேற்பத் திருத்தம் பெறவேண்டும். ஆய்வேடுகள் பலவும் வருவாய்க் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு பின்னொட்டுகளை எண்ணுவதோடு நிறைவடைகின்றன. அப்பட்டியலில் குக்கிராமம் இடம்பெறாததால், தொட்டிகள் ஆய்வின் தொடக்கத்திலேயே விடுபட்டுப் போகின்றன. பட்டிகளின் விழுக்காடு செயற்கையாக உயர்கிறது. பெயரைப் பதிவுசெய்யும்போது இடக்குறியீட்டு ஆயங்கள், பெயரைச் சொன்னவரின் தாய்மொழி, உள்ளூர் ஒலிப்பு, அரசு ஆவண வடிவம், இப்போது குடியுள்ளதா, இல்லையெனில் எவருடைய நினைவுக்கு எட்டிய காலத்தில் பாழ்பட்டது ஆகியவை உடன்பதியப்பட வேண்டும். 'பெட்ட' என்னும் கன்னட மலைப்பெயரை 'பேட்டை' எனத் தமிழ்ப்படுத்தி எழுதும் ஆவணம் ஒன்றே போதும், மலையூர் சந்தையூராக மாறிவிடும்.

2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 என்னும் நாளை அடிப்படையாகக் கொண்டு எண்ணிம முறையில் நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டு எண்ணுக்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். ஓசூர் மாநகராட்சியான பின் வரும் முதல் எண்ணும் அதுவே. ஆயினும் வெளியீட்டில் அலகு வருவாய்க் கிராமமாகவே தொடருமாயின், கொடகரை போன்ற சிற்றூர்களின் எண் மீண்டும் தாய்க்கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்துவிடும். அவற்றின் பெயரும் இருப்பிடமும் அதற்கு முன்னரே வேறொரு பதிவில் ஏறியிருப்பின், அவ்வெண்ணை எந்தெந்தப் புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிப்பது என்பதையேனும் வரைபடக்காரர் அறிந்துகொள்ள முடியும்.